மிச்சம் முன்னூற்றுப் பன்னிரண்டு

போர் முடிந்து பதினோரு வருடம் ஆகியும் அந்தத் துறைமுக ஊரில் அறுநூற்று நாற்பது ஆண்கள் ஈரமாகவே இருந்தார்கள். வெயிலில் நின்றாலும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் காயவில்லை. ஒன்பது நாள் நடந்த படை வெளியேற்றத்தின்போது அக்கரையில் கடலுக்குள் வரிசைகட்டி நின்று படகுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். எவ்வளவு ஆழத்தில் நின்றார்களோ அவ்வளவு ஈரம் உடம்போடு வந்துவிட்டது. முதல் நாட்களில் தோணித்துறை உருப்படியாக இருந்ததால் அப்போது ஏறியவர்களுக்கு முழங்கால்வரைதான். குண்டு விழுந்து துறை நொறுங்க நொறுங்க வரிசை ஆழத்துக்கு நகர்ந்தது. ஆகவே நடுநாட்களில் ஏறியவர்களுக்கு இடுப்புவரை, கடைசியில் ஏறியவர்களுக்குக் கழுத்துவரை. தலைநகரிலிருந்து ஒரு மருத்துவர் வந்து எல்லாரையும் தட்டிப் பார்த்து, 'உடம்பில் கோளாறு இல்லை, கடல் மட்டும் இருக்கிறது' என்று சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். போகும்போது அவர்களில் ஒருவர் நின்றுவிட்டுப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே ரயிலேறினார்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. தையல்காரர் கால்சட்டை விளிம்பில் தண்ணீர் வடிய மூன்று துளை வைத்துத் தைக்க ஆரம்பித்தார். பேருந்தில் கடைசி நான்கு இருக்கைகளின் பஞ்சை எடுத்துவிட்டுப் பலகை அடித்தார்கள். திரையரங்கில் ஈரக்காரர்களுக்கு முன்வரிசை என்று விதி வந்தது. தரை சரிவாக இருந்ததால், அவர்கள் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்கள் படம் முடிந்து செருப்பைத் தேட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை தேடும் வீடுகளில் படிப்பு, வேலை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுவரைக்கும்?" என்று கேட்பார்கள். முழங்கால் என்றால் முகம் மலரும். இடுப்பு என்றால் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். கழுத்து என்றால் நல்ல பையன்தான் என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்ணுக்குப் போருக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. அவள் கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், கழுத்துவரை ஈரம். அவன் படுக்கும் பலகைக் கட்டிலில் நடுவே ஒரு துளை போட்டு, கீழே வாளி வைத்திருந்தாள். காலையில் வாளியை எடுத்து வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் ஒரு கைப்பிடி உப்பு தேறும். அந்த வீட்டில் பதினோரு வருடமாக உப்பு வாங்கவில்லை. இதை அவளுடைய கெட்டிக்காரத்தனமாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஊரில் அவளுக்குப் பெயரே சிக்கனம். போர்க்காலத்தில் வந்த பெயர் அது. ஒரு செய்திக்கு ஆறு சொல்லுக்கு மேல் கூடாது என்று உத்தரவு இருந்த நாட்களில், ஆறு சொல்லை இரண்டாகச் சுருக்குகிறவள் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. அமைதி வந்த பிறகும், தந்தி கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக் கதை முழுவதையும் அவளிடம் சொல்லிவிட்டு, "நீங்களே சுருக்கிப் போட்டுடுங்கக்கா" என்று நிம்மதியாக நிற்பார்கள். ஒருவர் அரைமணி நேரம் மாமியாரைப் பற்றிப் புலம்பியதை அவள் 'வரவேண்டாம்' என்று ஒரே சொல்லில் அனுப்பியிருக்கிறாள். சுருக்கமாகச் செய்தி அனுப்பியதற்காகத் தலைமையகம் கொடுத்த சான்றிதழ் கண்ணாடி போட்டு அவள் வீட்டு முன்னறையில் தொங்கியது. அதை அவள் துடைப்பதில்லை. கணவன்தான் துடைப்பான். துடைக்கும்போது அதன்மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வழியும்.

அவள் இரண்டு விஷயங்களைச் செய்வதில்லை. டீ குடிப்பதில்லை. 'மிச்சம்' என்ற சொல்லைச் சொல்வதில்லை. முதலாவதை உடம்புக்கு ஆகாது என்று சொல்லிச் சமாளித்தாள். இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு வேலையே வராதபடி, இரண்டு பேர் சாப்பிட்டால் தீர்ந்துவிடுகிற அளவுக்குத்தான் சமைப்பாள். பாத்திரத்தில் ஒரு கரண்டிகூட மீறாது. கணவன் பாதிப் பசியோடு எழுந்து, "சிக்கனம்னு சும்மாவா பேரு வெச்சாங்க" என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போவான்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் துறைமுகத்தில்தான் வேலை, கயிறு கட்டுபவன். பத்தொன்பது வயதில் ஒரு கயிற்றுச் சுருள் இழுத்ததில் இடதுகால் சுண்டுவிரல் போய்விட்டது. "ஒன்பதே போதும்க்கா, எண்ணறதுக்கு ஈசி" என்றான். வீட்டுக்குள் வந்தால் நேரே சமையலறைக்குப் போய், மேல் தட்டில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்ப்பான். சேற்றுக்காலோடு வருவான். "வாசல்ல சாக்கு எதுக்குடா போட்டிருக்கு? காலைத் துடைச்சிட்டு வா" என்று அவள் ஒரு நாளும் கத்தாமல் இருந்ததில்லை, அவன் ஒரு நாளும் துடைத்ததில்லை. போர் வந்தபோது துறைமுகத் தொழிலாளிகள் முன்னூற்று ஐம்பத்து மூன்று பேரை ஒரே படைப்பிரிவாக்கி அக்கரைக்கு அனுப்பினார்கள். எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். கயிறும் படகும் தெரிந்தவர்கள் என்பதால் வெளியேற்றத்தின்போது மற்றவர்களை ஏற்றிவிட்டுக் கடைசியில் வரவேண்டியவர்கள் அவர்கள்தான் என்று முடிவானது. அதில் நாற்பத்தொரு பேர் கழுத்துவரை ஈரத்தோடு கடைசிப் படகில் வந்து சேர்ந்தார்கள், சிக்கனத்தின் கணவனும் அதில் ஒருவன். தம்பி உட்பட மற்ற முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் வரவில்லை.

வரவில்லை என்று சொல்ல அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பத்தோராயிரத்து எழுநூறு பேர் மீட்கப்பட்டதாக அறிவிப்பு வந்திருந்தது. நூறில் முடியும் முழு எண்ணாக இருந்ததால் நாளிதழ்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அந்தப் பட்டியலில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். குடும்பங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே பதில்தான்: 'தங்கள் உறவினர் பட்டியலின்படி பத்திரமாகக் கரை சேர்ந்துள்ளார். கரை சேர்ந்தபின் வீடு சேராதது குடும்ப விஷயம். இதில் இந்த அலுவலகம் தலையிடுவதற்கில்லை.' எதிரித் தரப்பைக் கேட்டால், அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்றார்கள். ஆக, அவர்கள் இறந்தவர்களும் இல்லை, சிறைப்பட்டவர்களும் இல்லை. வேறெங்கோ வேறு பெண்களோடு சௌகரியமாக இருப்பவர்கள் என்று ஊர் மெல்ல மெல்ல ஒரு முடிவுக்கு வந்தது. பக்கத்து வீட்டம்மா, அவள் கணவனுக்கு முழங்கால்வரைதான் என்பதால் எப்போதும் தலை நிமிர்ந்து நடப்பவள், துணி காயப்போடும்போதெல்லாம் இந்தப் பேச்சை எடுப்பாள். "உங்க தம்பி எங்கயோ நாலு பிள்ளைங்களோட நல்லா இருப்பான், விடுங்க. இல்லேன்னா அக்கா ஞாபகம் வராமலா இருக்கும்?" சிக்கனம் துணிக்கவ்வியைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த துணியை உதறுவாள்.

நடந்தது என்ன என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒன்பதாம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு அக்கரையிலிருந்து வானொலியில் ஓர் அதிகாரியின் குரல் இரைச்சலுக்கு நடுவே வந்தது. துறை போய்விட்டது, நாற்பத்தொரு பேரைப் படகில் அனுப்பிவிட்டேன், இன்னும் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் தண்ணீரில் நிற்கிறார்கள், அந்தப் படகும் இன்னொரு கப்பலும் திரும்பி வரவேண்டும், கூடிய சீக்கிரம், என்று அவர் கத்தினார். அதை அவள் தலைமையகத்துக்குத் தந்தியாகத் தட்டவேண்டும். அன்று காலையிலிருந்து 'ஏறியது 840', 'ஏறியது 655' என்றே தட்டிக்கொண்டிருந்தவள், இது ஏறாதவர்கள் என்பதால் சொல்லை மாற்றி, 'மிச்சம் 312' என்று தட்டினாள். அனுப்பியபோது அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. இதற்கு மேல் சுருக்க முடியாது என்கிற சந்தோஷம். தலைமையகத்தில் அதை வாங்கியவர் ஒன்பது நாளாக நல்ல செய்திக்கு ஏங்கியிருந்த மனிதர். உயிர் மிச்சம் என்கிறார்களே, அந்த மிச்சமாகவே அது அவர் கண்ணில் பட்டது. மீட்கப்பட்டோர் பட்டியலில் முன்னூற்றுப் பன்னிரண்டைச் சேர்த்தார். முழு எண்ணாக வந்தது. எழுந்து நின்று கைதட்டினார் என்று பிற்பாடு சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'வாழ்த்துகள். பணி முடிந்தது. கப்பல்கள் திரும்ப வேண்டாம்.'

இந்த இடத்துக்கு அவள் மனம் பதினோரு வருடமாகத் தினமும் போய் வந்தது. சொல் தப்பாகிப்போகும். இரண்டு அர்த்தம் உள்ள சொல் உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. அதற்காக அவள் தன்னை மன்னித்துவிட்டிருந்தாள் என்றே சொல்லலாம். ஆனால் அந்தப் பதிலைப் படித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ ஓர் இடத்தில் சுருக்கென்றது. அது நிஜம். 'வாழ்த்துகள்' என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. திருப்பிக் கேட்டிருந்தால் நான்கு சொல். பெரியவர்களுக்குத் தெரியாததா, வேறு கப்பல் அனுப்பியிருப்பார்கள், கேட்டால் இத்தனை நாள் எடுத்த நல்ல பெயர் போய்விடும் என்று வரிசையாக மூன்று சமாதானம் வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்தது. காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். டீ நன்றாக இருந்தது. அதுதான் அவளால் தாங்கமுடியாமல் இருந்தது. பிறகு உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் வாய்த்தது; ஒவ்வொரு முறையும் வேறொன்று தடுத்தது. பட்டியலில் தம்பி கரை சேர்ந்தவன். அவள் வாயைத் திறக்காதவரை அவன் கரை சேர்ந்தவனாகவே இருப்பான். திறந்தால், அக்கரைத் தண்ணீரில் நிற்பவனாக ஆகிவிடுவான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனைக் காப்பாற்றுவதுபோல் நடிக்கிறோமோ என்றும் அவளுக்குச் சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தோடுதான் தினமும் கணவனின் வாளியை வெயிலில் வைத்தாள்.

பன்னிரண்டாம் வருடம் விசாரணைக் குழு வந்தது. காரணம் பாடப்புத்தகம். எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஏழாம் பாடம் அந்த வெளியேற்றத்தைப் பற்றியது. அதற்கு 'மாபெரும் மீட்பு' என்று தலைப்பு வைப்பதா, 'மாபெரும் பின்வாங்கல்' என்று வைப்பதா என்று முடிவாகாததால், பிள்ளைகள் ஆறாம் பாடத்திலிருந்து நேரே எட்டாம் பாடத்துக்குத் தாவிப் பரீட்சை எழுதி, படித்து, வேலைக்கும் போய்விட்டிருந்தார்கள். அச்சகம் பொறுமை இழந்துவிட்டது. குழுவில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி, வெளியேற்றத்தை நடத்திய தளபதி, ஒரு புள்ளியியல் பேராசிரியர். அவர்கள் நிரப்பவேண்டிய படிவத்தில் 'வெற்றி', 'தோல்வி' என்று இரண்டு கட்டம் இருந்தது. ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிடவும் என்று கீழே எழுதியிருந்தது. தளபதி நடக்கும்போது பூட்சுக்குள் சளக் சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் முதல் நாள் முதல் கப்பலில் வந்தவர். கட்டைவிரல் மட்டும் ஈரம் என்று அவருடைய வண்டியோட்டி ஊருக்குள் சொல்லிவிட்டான்.

பள்ளிக்கூடக் கூடத்தில் விசாரணை நடந்தது. முதல் நாள் முடிவதற்குள் தரையில் கணுக்கால் ஆழம் தண்ணீர் நின்றதால், மறுநாளிலிருந்து நீதிபதி காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொண்டார். ஈரக்காரர்களின் மனைவிமார்கள் மடியில் துண்டோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். முழங்கால்காரர்கள் எல்லாரும் வெற்றி என்றார்கள். இடுப்புக்காரர்கள் பரவாயில்லை என்றார்கள். கழுத்துக்காரர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்கள். பேராசிரியர் ஈரத்தின் உயரத்தையும் அபிப்பிராயத்தையும் வைத்து ஒரு வரைபடம் போட்டார். அது அழகாகக் கீழ்நோக்கி இறங்கியது. ரொட்டிக் கடைக்காரர், இடுப்பளவு, எழுந்து, "ஐயா, என் வீடு தீப்பிடிச்சப்போ நான் பெண்டாட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிவந்தேன். வீடு போச்சு. அது வெற்றியா தோல்வியா, நீங்களே சொல்லுங்க" என்றார். "அதை என்கிட்டத்தானே கேக்கணும்!" என்று பின்வரிசையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். கூடம் அடங்க நேரமானது.

"நாற்பத்தோராயிரத்து எழுநூறு பேர்! இது வெற்றி இல்லேன்னா எதுதான்யா வெற்றி?" என்றார் தளபதி.

"ஒரு நாட்டையே விட்டுட்டு வந்திருக்கோமே" என்றார் நீதிபதி.

"அது வேற விஷயம்."

மூன்றாம் நாள் பிற்பகல் சிக்கனத்தின் கணவனைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் கோப்பிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து வாசித்தார். கடைசி ஓட்டத்தில் மட்டும் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், இதோ துறைமுகத் தந்தி, 'மிச்சம் 312', வெற்றிக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றார். கிரேன்காரன் சட்டைக் கழுத்தைப் பிழிந்துவிட்டு, "கடைசிப் படகுல வந்தது நாங்க நாற்பத்தொரு பேருங்க" என்றான். "இன்னும் பதினெட்டு பேருக்கு இடம் இருந்துச்சு. குண்டு விழுந்துட்டே இருந்ததால அவசரத்துல தள்ளிவிட்டாங்க. திரும்பி வந்துடலாம்னுதான். பாதிக் கடல்ல, திரும்ப வேண்டாம்னு உத்தரவு வந்துச்சு. வேற கப்பல் போகுதுன்னு நினைச்சோம்." பேராசிரியர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்படியென்றால் இந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் யார் என்று நீதிபதி கேட்டார். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பின்வரிசையில் துண்டோடு உட்கார்ந்திருந்த சிக்கனத்துக்கு, அந்தச் சொட்டுகள் தந்தி தட்டுவதுபோலக் கேட்டன. இப்போது எழுந்தால் கணவன் ஒரு தவறான சொல்லால் மற்றவர்களை விட்டுவிட்டு ஓடிவந்தவனாக ஆவான், தம்பி நிற்பவனாக ஆவான், அவள் டீ குடித்தவளாக ஆவாள். எழாவிட்டால் ஏழாம் பாடம் அச்சாகிவிடும்; அதற்குப் பிறகு தம்பி பிள்ளைகளின் மனப்பாடத்தில் கரை சேர்ந்துவிடுவான், அங்கிருந்து யாராலும் அவனைக் கூட்டிவர முடியாது. அவள் எழுந்தாள்.

"அதை எழுதினது நான்தாங்க. அது வந்தவங்க இல்லை. நின்னவங்க."

"மிச்சம்னா மிச்சமானவங்கதானேம்மா? உயிர் மிச்சம்னு சொல்றோமே" என்றார் பேராசிரியர்.

"சொல்றோம். தட்டுல மிச்சம்னும் சொல்றோமே."

பள்ளி நூலகத்திலிருந்து அகராதி வரவழைக்கப்பட்டது. இரண்டு பொருளும் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே எழுத்தளவில், இத்தனை வருடமும் பக்கத்து அறையில் இருந்திருக்கின்றன. அவள் உட்காரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக நீளமாகப் பேசினாள். "பதில் வந்தப்போ எனக்கு சுருக்குன்னுச்சு. திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கலை. டீ குடிக்கப் போயிட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னேன். அதுகூட ஞாபகம் இருக்கு." பக்கத்து வீட்டம்மா கையிலிருந்த துண்டைத் தண்ணீரில் விட்டாள். கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். கோபிப்பான் என்று அவள் நினைத்தாள். அவனோ, பதினோரு வருடமாகத் தொண்டைவரை நின்றதை அங்கேயே, அத்தனை பேர் முன்னால் கொட்டினான். "நான் உக்கார்ந்து வந்தது உன் தம்பி இடம்மா. வரிசைல அவன்தான் எனக்கு முன்னால நின்னான். மச்சான், நீ ஏறு, உன்னை விட்டுட்டுப் போனா அக்காகிட்ட யாரு திட்டு வாங்கறதுன்னு பிடிச்சுத் தள்ளிவிட்டான். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

நீதிபதி முக்காலியிலிருந்து காலை இறக்கித் தண்ணீரில் வைத்தார். கோப்பில் நாற்பத்தோராயிரத்து எழுநூறை அடித்துவிட்டு, நாற்பத்தோராயிரத்து முன்னூற்று எண்பத்தெட்டு என்று எழுதினார். கீழே, 'இன்னும் தண்ணீரில் நிற்பவர்கள் 312' என்று எழுதிப் புள்ளி வைத்தார். அப்போது மணி மூன்றே முக்கால்.

அதே மூன்றே முக்காலுக்குத் துறைமுகப் படிக்கட்டைக் கழுவி முடித்து வாளியைக் கவிழ்த்து வைத்த பெண், கடலிலிருந்து ஈரக் காலடிகள் படியேறி வருவதைப் பார்த்தாள். ஆள் இல்லை, காலடி மட்டும். "இப்பத்தானே கழுவினேன்! கண்ணு தெரியலையா?" என்று அவள் கத்தியதும் காலடிகள் கொஞ்சம் ஒதுங்கி, சுவரோரமாக ஏறின. இரண்டு இரண்டாக வரிசைகட்டி முன்னூற்றுப் பன்னிரண்டு ஜோடி. சந்தைத் தெரு முனையில் வரிசை கலைந்து, ஒவ்வொரு ஜோடியும் தன் தன் வீட்டைப் பார்த்துப் போனது. இத்தனை வருடத்தில் சில குடும்பங்கள் வீடு மாறியிருந்தன. குடியிருப்பவர்கள் வாசலில் நின்ற காலடிகளைப் பார்த்து, "அவங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க, பச்சைக் கதவு" என்று வழிகாட்டினார்கள். வேறு கல்யாணம் செய்துகொண்ட ஒருத்தியின் வீட்டு முன்னால் ஒரு ஜோடி வெகுநேரம் நின்றது. பிறகு சத்தமில்லாமல் திரும்பி முடிதிருத்தும் கடைக்குப் போய், பழைய சுழல் நாற்காலிக்கு முன்னால் நின்றது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் தட்டிக் கொடுத்தார். அந்த ஜோடி இப்போதும் அங்கேதான் தங்கியிருக்கிறது. அவளுடைய இரண்டாம் கணவன்தான் வாராவாரம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்துவிட்டு வருகிறான்.

பள்ளிக்கூட வாசலுக்கு ஓடிவந்து பார்த்த தளபதி தொப்பியைத் தூக்கி எறிந்தார். "எல்லாரும் வந்துட்டாங்க! ஒருத்தர் பாக்கியில்லை! போடுங்க, வெற்றின்னு போடுங்க!"

"கால் மட்டும்தானே வந்திருக்கு" என்றார் நீதிபதி.

அவர் கட்டங்கள் இரண்டையும் காலியாகவே விட்டார். குறிப்பு எழுதும் இடத்தில், 'வெளியேற்றம் இன்னும் முடியவில்லை, ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். முடிந்தபின் கேட்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அச்சகத்தார் ஏழாம் பாடத்தின் இடத்தில் ஒரு வெற்றுப் பக்கம் விட்டுப் புத்தகத்தை அடித்தார்கள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் தங்கள் பாதத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டார்கள். ஆசிரியர்கள் தடுக்கவில்லை.

சிக்கனமும் கணவனும் வீட்டுக்கு வந்தபோது காலடிகள் அவர்களுக்கு முன்பே உள்ளே போயிருந்தன. இடதுகாலில் நான்கு விரல். முன்னறையைத் தாண்டி நேரே சமையலறைக்கு, மேல் தட்டின் கீழே. வலதுகாலின் முன்பாதி மட்டும் அழுத்தமாகப் பதிந்திருந்தது, எட்டிப் பார்த்ததுபோல. டப்பா காலியாக இருந்தது, அந்த வீட்டில்தான் எதுவும் மீறுவதில்லையே. அவள் கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கிவந்து டப்பாவை நிரப்பினாள். மூன்று டீ போட்டாள். சர்க்கரை தூக்கலாக. ஒன்றைத் தான் குடித்தாள். கணவன் அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே தன்னுடையதைக் குடித்தான். மூன்றாவது ஆறிப்போனது, அதைக் கீழே கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "மிச்சம் இருக்கு, குடிக்கிறீங்களா?" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் வாங்கிக் குடித்தான். அந்த வாரத்துக்குள் அவனுடைய ஈரம் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கியது. முழங்கால் வீட்டம்மா துணி காயப்போடும்போது அதைக் கவனித்து, "பரவாயில்லையே" என்றாள்.

காலடிகள் தினமும் வெளியே போய்த் திரும்பின. காலையில் துறைமுகத்துக்கு, சாயங்காலம் வீட்டுக்கு. மழை பிடித்த ஒரு நாள் சேறும் சேர்ந்து வந்து சமையலறை முழுக்க அப்பியிருந்தது. அன்று அவளுக்குப் பழைய கோபம் அப்படியே வந்துவிட்டது. "எத்தனை தடவைடா சொல்றது? வாசல்ல சாக்கு எதுக்குப் போட்டிருக்கு? காலைத் துடைச்சிட்டு வாடா!" என்று கத்தினாள். மறுநாள் சாயங்காலம் காலடிகள் தெருவில் வந்தன, படியில் வந்தன, சாக்கில் ஏறின. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவன் காலைத் துடைத்திருந்தான். வீடு சுத்தமாக இருந்தது. அவள் முன்னறையில் பார்த்தாள், சமையலறையில் பார்த்தாள், தட்டுக்குக் கீழே குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"உள்ளதான் இருப்பான். நீதானே துடைக்கச் சொன்னே?" என்றான் கணவன்.

"இருக்கானா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?"

அவன் தன் கட்டிலுக்குக் கீழே இருந்த வாளியை எடுத்துவந்து சமையலறைத் தரையில் கொஞ்சமாக ஊற்றினான். தட்டுக்கு நேர் கீழே, தண்ணீருக்கு நடுவில், இரண்டு பாத அளவுக்கு இடம் ஈரம் படாமல் நின்றது. ஒன்றில் நான்கு விரல். அவள் வாசலுக்குப் போய் சாக்கைச் சுருட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டம்மா, அவளுக்கும் ஒரு மைத்துனன் அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் உண்டு, தன் வீட்டு மிதியடியை எடுத்தாள். மாதம் முடிவதற்குள் தெருவில் ஒரு மிதியடியும் இல்லை.

இன்றும் அந்த ஊரில் எந்த வீட்டு வாசலிலும் மிதியடி கிடையாது. வெளியூரிலிருந்து மழைநாளில் வருகிறவர்கள் சேற்றுக்காலோடு எங்கே துடைப்பது என்று தெரியாமல் படியில் தயங்கி நிற்பார்கள். உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "துடைக்காதீங்க, அப்படியே வாங்க" என்பார்கள்.